விலாசம் பார்த்துச் செருகு

நம் ரிப்பேர் கடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி காதில் விழுந்து முழிப்பார்கள். யாராவது ஓர் அடாப்டரைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்து மேசையிலிருந்து "விலாசம் பாத்தியா?" என்று ஒரு குரல் வரும். போன மாதம் சேர்ந்த பெண் ஒருத்தி, வாடிக்கையாளரின் வீட்டு முகவரியை எழுதிக்கொண்டு வந்து நீட்டினாளாம். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களாம். சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. அதைக் கடைக்குள் கொண்டுவந்தவள் நான். நானோ ஓய்வு பெற்று வீட்டோடு கிடக்கிறேன். இன்று கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொல்கிறீர்கள். நாலு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கடை அப்போதும் இதே செக்காலை ரோட்டில்தான், இப்போது இருப்பதில் பாதி அகலம். காரைக்குடி வட்டாரத்தில் லேப்டாப் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் விசேஷத்துக்கு வருகிற செட்டியார் வீட்டுப் பிள்ளைகள். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள், கடையில் ஒரே பெண். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "மேரிக்கு இன்னும் அந்த ஸ்க்ரூ டிரைவர் வேலைதானா?" என்று யாராவது அப்பாவிடம் விசாரிப்பார்கள். அவர் பதில் சொல்லுமுன் "ஆமா, அதேதான்" என்று நான் சொல்லிவிட்டு நடப்பேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் தோன்றியதில்லை.

அன்றைக்கு மற்றவர்கள் எல்லாம் தேவகோட்டையில் ஒரு பாங்கில் கம்ப்யூட்டர் மாட்டுகிற வேலைக்குப் போயிருந்தார்கள். கடையில் நானும் முதலாளியும்தான். கொத்தமங்கலத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் காலை கல்யாணம், கல்யாணப் பெண்ணின் லேப்டாப் ஓடவில்லை, அடாப்டர் செத்துவிட்டது, உடனே ஆள் வேண்டும். கடையில் லேப்டாப் அடாப்டர் இருப்பு வைக்கிற காலம் இல்லை அது. மதுரைக்குச் சொல்லி வரவழைத்தால் கல்யாணமே முடிந்துவிடும். செத்ததைப் பிழைக்க வைக்க முடியுமா பார் என்று முதலாளி என்னை அனுப்பினார். ஒரு துண்டுக் காகிதத்தில் 'கொத்தமங்கலம், சிதம்பரம் செட்டியார் வீடு' என்று எழுதிக் கொடுத்தார். மீட்டரையும் சால்டரிங் சாமானையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொத்தமங்கலத்தில் இறங்கிச் சிதம்பரம் செட்டியார் வீடு எது என்று கேட்டேன். கை காட்டினார்கள், போனேன். பெரியவர் ஒருவர் அன்பாக உட்காரச் சொன்னார், காப்பி வந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு பழைய ரேடியோவைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். ஒரு பக்க ஸ்பீக்கர் கரகரக்கிறதாம். கல்யாணப் பெண் எங்கே என்றேன். "எங்க வீட்டுக் கல்யாணமா? அது முடிஞ்சு மாசக்கணக்காச்சே" என்றார். தலையில் அடித்துக்கொண்டு எழுந்து, விசாரித்து விசாரித்து, பந்தல் போட்டிருந்த சரியான வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். பெண்ணின் தாயார், அந்த வீட்டு ஆச்சி, முகப்பிலேயே நின்றிருந்தார். நான் தாமதத்துக்குக் காரணம் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பேரைச் சொல்லிக் கேட்டா எப்புடி ஆத்தா? இந்த ஊருல சிதம்பரத்துக்கா பஞ்சம்? விலாசத்தைல்ல கேக்கணும்."

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். செட்டியார் வீடுகளில் தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். அதனால் ஒரே பேர் வீட்டுக்கு வீடு இருக்கும். இன்ன வீடு என்று பிரித்துக் காட்டுவது பேருக்கு முன்னால் வரிசையாக நிற்கிற எழுத்துகள், முன்னோர் பேர்களின் முதலெழுத்துகள். அதைத்தான் அங்கே விலாசம் என்பார்கள். பேர் ஒன்றாக இருக்கலாம், விலாசம் மாறினால் வீடு வேறு. முதலாளியும் அசலூர்க்காரர், நானும் கிறிஸ்தவப் பிள்ளை, இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை.

உள்ளே ஓர் அறையில் கல்யாணப் பெண் தெய்வானை மருதாணி வைத்த கையோடு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவளைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் அவளுடைய தாய்மாமன், அங்கே அம்மான் என்பார்கள், கையில் ஓர் அடாப்டரோடு நின்றார். மலேசியாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த அண்ணன் முறைக்காரர் மெய்யப்பனுடைய அடாப்டர் அது. அதன் ஒயர் நுனியில் இருக்கிற பின் தெய்வானையின் லேப்டாப்பில் கச்சிதமாக உட்காருகிறதாம். சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. தெய்வானைதான், "கடையில இருந்து வர்றவுக பாத்துரட்டும் அம்மான்" என்று பிடிவாதமாகத் தடுத்து வைத்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு இருந்த நிதானம் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்கிற சிலருக்கு இல்லை, யாரென்று நான் சொல்லப் போவதில்லை.

என்னைப் பார்த்ததும் அம்மானுக்கு முகம் சுருங்கியது. பொம்பளைப் பிள்ளையை அனுப்பியிருக்கிறார்களே என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். நான் காதில் வாங்காதது போலச் செத்துப்போன அடாப்டரைத் திறந்தேன். உள்ளே பாதி கருகிக் கிடந்தது. பிழைக்காது என்று சொன்னேன். தெய்வானை எழுந்து என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"அக்கா, நான் எழுதின புரோகிராம் இதுக்குள்ளதான் இருக்கு. ஆபீஸ் மூடுறதுக்குள்ள போன் வழியா அனுப்பலைன்னா என் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாக. இருக்கிற வேலைக்குப் போகட்டும்னுதான் மாப்பிள்ளை வீட்டுல சொல்லியிருக்காக. இது போச்சுன்னா இன்னொரு வேலை தேட என்னை விடமாட்டாக."

அடாப்டர் ரிப்பேருக்கு வந்தவள் கையில் ஒரு பெண்ணின் பிழைப்பு முழுதும் வந்து உட்கார்ந்துகொண்டது. பேட்டரி எப்போதோ தீர்ந்துவிட்டது. லேப்டாப் உயிர் பெற்றால்தான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். உயிர் கொடுக்கிறேன் என்று தவறாகக் கொடுத்து போர்டு கருகினால், அன்றைக்கு அதை எடுப்பதற்கு வழியே இல்லை.

"பின்னு அச்சு அசலா உக்காருது. பதினஞ்சு வோல்ட்டுன்னு மெய்யப்பனே சொல்றான். இதுக்கு மேல என்னத்தைப் பாக்குறது? போட்டு விடும்மா" என்றார் அம்மான். சுற்றி நின்றவர்களும் போடச் சொன்னார்கள். பந்தலில் மேளக்காரர் வந்துவிட்டார், சமையல்காரர் எண்ணெய் கேட்கிறார், மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம். எல்லோருக்கும் இந்த அறையில் நடக்கிற கூத்து சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றிருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, இந்த மாதிரிக் கூட்டம் உங்களையும் சுற்றி நிற்கும். அதில் நல்லவர்கள்தான் இருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் அவசரப்படுத்துவதில்லை. அதனால்தான் அதற்கு எதிராக நிற்பது கஷ்டம்.

நான் மெய்யப்பனின் அடாப்டரைத் தனியாகச் சுவிட்சில் போட்டு, மீட்டரை அதன் பின்னில் வைத்தேன். அம்மான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பதினஞ்சு காட்டுதுல்ல?"

"காட்டுதுங்கய்யா. அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கோடு நிக்கிது, அதையும் பாருங்க."

மைனஸ் பதினைந்து. தெய்வானையின் லேப்டாப் அடியிலும், கருகிய அடாப்டரின் அடியிலும் போட்டிருந்த குறிப்படி, பின்னின் நடுவில் பிளஸ் இருக்க வேண்டும். இதில் நடுவில் மைனஸ். வோல்ட் அதேதான், ஆம்பியர் தாராளம், பின்னும் அதே அளவு, உள்ளே மட்டும் இடம் வலம் மாறிக் கிடந்தது. சில லேப்டாப்பில் உள்ளே காப்பு இருக்கும், திருப்பிக் கொடுத்தாலும் தாங்கிக்கொள்ளும். இதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் அடுத்தவள் பிழைப்பை வைத்துச் சூதாட நான் போகவில்லை.

முடியாது என்று சொன்னேன். அம்மானுக்குக் கோபம் வந்துவிட்டது. நேராகப் போனுக்குப் போய் நம் கடைக்குப் போட்டார். வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கத்திவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் முதலாளி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மேரி, அங்க நிக்கிறது நீ. மீட்டரு உன் கையில இருக்கு. இங்க உக்காந்துக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல? நீ சொல்றதுதான் கடை சொல்றது" என்று வைத்துவிட்டார்.

எத்தனையோ பேருக்கு வேலை கற்றுக்கொடுத்த மனிதர் அவர். எனக்கு அவர் கொடுத்ததில் பெரியது அந்த ஒரு போன்தான் என்பேன். முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. பின்னாளில் நானும் மூத்தவளாகி, வெளியே போன பிள்ளைகள் போனில் கூப்பிட்டபோதெல்லாம் அதையே சொன்னேன்.

ஆச்சிக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை. "பின்னு சேருதுங்கிறாக, நீ சேராதுங்கிறே. என்ன ஆத்தா இது?" என்றார். நான் மெய்யப்பனின் அடாப்டரைத் திருப்பினேன். கல்யாண வீட்டில் சாமான் கலந்துபோகும் என்று அவர் தன் பேரை எழுதி அடியில் ஒட்டியிருந்தார். அங்கே அச்சடித்திருக்குமே, சரியாக அந்தச் சின்ன எழுத்துகளின் மேலேயே ஒட்டியிருந்தார். பேரை நகத்தால் உரித்தேன். கீழே எல்லாம் இருந்தது, வோல்ட், ஆம்பியர், நடுவில் மைனஸ் என்று காட்டுகிற படம்.

"ஆச்சி, பின்னுங்கிறது பேரு மாதிரி. ஊரெல்லாம் ஒரே பேருதான். இந்தா கீழ இருக்கே, இதுதான் விலாசம். நான் பேரை வச்சு வேற வீட்டுல போயி உக்காந்தேன்ல, அதையேதான் இந்தப் பின்னும் செய்யப் பாத்துச்சு."

ஆச்சி என் முகத்தைப் பார்த்தார், அடாப்டரைப் பார்த்தார். பிறகு அம்மானிடம் திரும்பி, அந்தப் பிள்ளை சொல்வதைக் கேள் என்று ஒரு போடு போட்டார். அத்தோடு அறையில் சத்தம் அடங்கியது.

இல்லை என்று சொன்னால் மட்டும் போதுமா? போதாது. எது கூடாது என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவன் பாதி வேலைக்காரன். மெய்யப்பனின் அடாப்டரில் எல்லாம் சரி, இரண்டு ஒயர்கள் இடம் மாறினால் போதும். அவரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். அவருடைய லேப்டாப்புக்கும் அது ஒன்றுதான், கல்யாணம் முடிந்த கையோடு அவருக்கு விமானம். இதை மறுபடி பழையபடி ஆக்கிக் கொடுக்காமல் இந்த வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். நான் கட்டரை எடுத்து, ஒயரை வெட்டப் போகிறேன் என்றேன்.

அவ்வளவுதான், சுற்றியிருந்த ஆச்சிமார் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள். விடிந்தால் கல்யாணம், நடு வீட்டில் நின்றுகொண்டு ஒருத்தி வெட்டுகிறேன் என்கிறாளே என்று. எனக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வெட்டல ஆச்சி. கொஞ்சம் பிரிச்சு, திருப்பிப் பூட்டுறேன். அம்புட்டுத்தான்."

அந்த வீடுகளில் தாலி கட்டுவதைத் திருப்பூட்டு என்பார்கள். ஆச்சிக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு.

"திருப்பூட்டு நாளைக்குக் காலையிலடி ஆத்தா. நீ இன்னைக்கே பூட்டப் போறியா?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அம்மானும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் நான் ஒயரை வெட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

திருப்பிப் பூட்டிச் சால்டர் வைத்து, ஒன்றோடொன்று தொடாமல் டேப் சுற்றி, மறுபடி மீட்டரை வைத்தேன். கோடு போயிருந்தது. ஆனாலும் லேப்டாப்பில் செருகவில்லை. பழைய அடாப்டர் ஏன் செத்தது என்று தெரியாமல் அடுத்ததைக் கொடுக்கலாமா? சுவர் பிளக்கில் மீட்டரை விட்டால் வோல்டேஜ் எகிறிக் குதிக்கிறது. பந்தல்காரர் ஜெனரேட்டர் லைனை அந்த அறையோடு சேர்த்துவிட்டிருந்தார். சமையல்கட்டில் ஃபிரிட்ஜுக்கு இருந்த ஸ்டெபிலைசரைக் கொண்டுவரச் சொன்னேன். ஃபிரிட்ஜில் மாலையெல்லாம் வைத்திருக்கிறதே என்று ஆச்சி கவலைப்பட்டார். கொஞ்ச நேரம் கதவைத் திறக்காமல் இருந்தால் வாடாது என்று சமாதானம் சொன்னேன்.

செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வந்தது. தெய்வானை என் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள். மருதாணி என் கையிலும் ஒட்டிக்கொண்டது. போன் ஒயரைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி, சென்னை ஆபீசுக்கு லைன் போட்டாள். அந்தக் காலத்து மோடம் கீச்சு கீச்சென்று கத்தும், உங்களில் பாதிப் பேர் கேட்டே இருக்கமாட்டீர்கள். போன் வேண்டும் என்று வந்தவர்களை எல்லாம் ஆச்சி வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். கடைசியில், வந்து சேர்ந்துவிட்டது என்று அங்கிருந்து பதில் வந்ததும் தெய்வானை லேப்டாப்பை மூடிவிட்டு ஓடிப்போய்த் தன் அப்பச்சியிடம், அப்பாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், சொன்னாள். வீடே கலகலத்தது.

நான் போன் ஒயரைப் பழையபடி மாட்டக் குனிந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் அம்மான், சந்தோஷ மிகுதியில், அடாப்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், "இந்தாப்பா, உன் சாமான்" என்று மெய்யப்பன் கையில் கொடுத்திருக்கிறார். அவரும் பக்கத்து அறையில் தன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னைச் செருகப் போனார். பின் கச்சிதமாக உட்காரும். ஏன் உட்காராது? அவருடைய பின்தானே.

நிமிர்ந்து பார்த்தேன், மேசையில் அடாப்டர் இல்லை. எப்படி ஓடினேன் என்று தெரியாது. "ஐயா, கையை எடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பந்தலில் மேளம் நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் அப்படிக் கத்தலாமா என்றால் கத்தலாம். மெய்யப்பன் அப்படியே நின்றார். அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, மறுபடி பிரித்து, பழையபடி பூட்டி, மீட்டரில் கோடு திரும்பி வந்ததைக் காட்டி, பிறகுதான் செருகச் சொன்னேன். அவருடைய லேப்டாப் ஓடியது. வாடிக்கையாளர் சிரித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களே, அந்தச் சிரிப்பில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும்.

பிறகு அம்மானே இலை போடச் சொல்லி என்னை உட்கார வைத்து, பலகாரத்தைத் தன் கையால் பரிமாறினார். நானும் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், உழைத்த வயிறு.

கிளம்பும்போது ஆச்சி என் பேரைக் கேட்டார். மேரி என்றேன்.

"காரைக்குடியில வந்து மேரின்னு கேட்டா எத்தனை மேரி வருவாக! உன் விலாசம் என்ன ஆத்தா?"

"எங்களுக்கு அப்படி எழுத்தெல்லாம் கிடையாது ஆச்சி."

"அப்ப நான் நாளப்பின்ன எப்புடிக் கேக்குறது?"

பக்கத்தில் நின்ற தெய்வானை சொன்னாள், "தி.பூ. மேரின்னு கேளுங்க ஆத்தா. திருப்பிப் பூட்டின மேரி."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே கொத்தமங்கலத்திலிருந்து ஒருவர் கடைக்குப் போன் போட்டு, தி.பூ. மேரியை அனுப்புங்கள் என்றார். பிறகு இளையாத்தங்குடியிலிருந்து, நாட்டரசன்கோட்டையிலிருந்து. முதலாளி முதலில் விழித்தார், விஷயம் தெரிந்ததும் கடை அதிரச் சிரித்தார். ஸ்க்ரூ டிரைவர் வேலைதானா என்று விசாரித்தவர்கள் வீட்டிலேயே டி.வி. கெட்டுப்போனபோதும் தி.பூ. மேரிக்குத்தான் ஆள் வந்தது. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. அப்பா அம்மா கொடுத்தது மேரி. அந்த இரண்டு எழுத்தை நான் சம்பாதித்தேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் முற்பகல் கடையில் போன் அடித்தது. முதலாளி எடுத்துவிட்டு, "தி.பூ., உனக்குத்தான்" என்று நீட்டினார்.

"அக்கா, தெய்வானை பேசுறேன். ஆபீஸ்ல இருந்து பேசுறேன்."

பின்னால் டைப் அடிக்கிற சத்தமும் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. என்ன கேட்பது என்று தெரியாமல், அடாப்டருக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"புதுசு வாங்கிட்டேன் அக்கா. விலாசம் பாத்துத்தான் வாங்கினேன்" என்றாள்.